முறுக்கினால் எந்தப் பக்கம் கிழியும்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தால் அன்று முழுவதும் சோறு இறங்காது. வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுவேன். மலேசியாவில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பதினெட்டு வருடம் ஃபிட்டராக வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தோரு வயதில் சனிக்கிழமைதோறும் ரவாங்குக்கு டிப்ளோமா வகுப்புக்குப் போக ஆரம்பித்ததற்கு இந்தக் குணம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள். சூப்பர்வைசர் ஆகும் ஆசைதான் காரணம் என்பாள். இரண்டும் உண்மைதான்.

அந்தத் தவணையில் பொருள்களின் வலிமை பற்றிய பாடம். மலாயில் நடத்தினார்கள். ஒரு சனிக்கிழமை ‘தெகாசான் உத்தாமா’ வந்தது. தமிழில் முதன்மைத் தகைவு என்கிறார்கள். ஓர் இரும்பை இழுத்தாலும் வளைத்தாலும் முறுக்கினாலும் அதற்குள் ஒவ்வொரு புள்ளியிலும் இழுப்பு, அமுக்கம், ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் சறுக்கப் பார்க்கும் வெட்டு எல்லாம் கலந்து கிடக்கும். நாம் எந்தச் சாய்வில் பார்க்கிறோமோ அதற்கேற்ப இந்தக் கலவை மாறும். ஆனால் எந்தப் புள்ளியை எடுத்தாலும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் பார்த்தால் சறுக்கல் சுத்தமாகக் காணாமல் போய், ஒரு பக்கம் வெறும் இழுப்பும் மறுபக்கம் வெறும் அமுக்கமும் மட்டும் மிஞ்சுமாம். ஆசிரியர் ஃபார்முலா எழுதினார், ஒரு வட்டம் வரைந்தார். நானும் கணக்குப் போட்டேன். முறுக்கப்படும் ஷாஃப்டுக்கு, அதாவது இயந்திரத்தைச் சுழற்றும் உருளைத் தண்டுக்கு, அந்தச் சாய்வு நாற்பத்தைந்து டிகிரி என்று வந்தது. விடை சரி.

“சார், இந்த நாற்பத்தஞ்சு டிகிரி ஷாஃப்டுல எங்க இருக்கு?” என்று மலாயில் கேட்டேன். அவர் வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். வட்டத்தில் அது தொண்ணூறு டிகிரியில் நின்றது. ஏன் என்று கேட்டதற்கு, கணக்கில் கோணம் இரட்டிப்பாகும் என்றார். பரீட்சைக்கு அது போதும் என்றும் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பதினெட்டு வருடமாக ஷாஃப்டைக் கழற்றி மாட்டுகிறவன் நான். அதில் ஓடும் ஒரு திசையை விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை. புக்கிட் செந்தோசா வீட்டுக்கு வந்து சேரும்வரை காரில் ரேடியோ கூடப் போடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, இரண்டாம் நம்பர் பிரெஸ்ஸின் ஷாஃப்ட் உடைந்தது. அவித்த செம்பனைப் பழத்தை இரண்டு பெரிய திருகுகளுக்கு நடுவில் நசுக்கி எண்ணெய் எடுக்கும் இயந்திரம் அது. கியர் பெட்டியிலிருந்து அந்தத் திருகுகளைச் சுழற்றும் ஷாஃப்ட், கையளவு பருமன், காலையில் சுவிட்ச் போட்டதும் இரண்டு துண்டாகிவிட்டது.

சுவிட்ச் போட்டவர் பங்களாதேஷ்காரர். ஆறு வருடமாக எங்கள் ஆலையில் ஆபரேட்டர். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அண்ணே என்பார். நான் அவரைப் பாய் என்பேன். எங்களோடு பழகித் தமிழை ஒருவழியாகப் பேசக் கற்றிருந்தார். மேனேஜருக்கு முடிவு அன்றைக்கே தெரிந்துவிட்டது. முந்தின நாள் பழத்தை அடைத்துப் போட்டுவிட்டு, காலையில் அடைப்பை எடுக்காமல் கட்டாயப்படுத்தி ஓட்டியிருக்கிறார் என்றார். வெள்ளிக்கிழமை விசாரணை. உடைந்ததற்கான காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டியது நான். அந்த மாதக் கடைசியில் பாயின் வேலை பெர்மிட் முடிகிறது. மேனேஜர் கையெழுத்துப் போட்டால் புதுப்பிப்பார்கள். போடாவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“அண்ணே, நான் பழம் அமுக்கல. பிரெஸ் காலியா இருந்திச்சு. சும்மாதான் சுவிட்ச் போட்டேன்” என்றார் என்னிடம்.

நான் நம்பவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆபரேட்டர்கள் எல்லோரும் சொல்லும் வசனம்தானே என்று நினைத்தேன். புது ஷாஃப்ட் மாட்டும் அவசரத்தில், உடைந்த துண்டுகளை ஒர்க்‌ஷாப் மூலையில் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் சோற்றுப் பொட்டலத்தோடு அந்த மூலையில் உட்கார்ந்தபோதுதான் துண்டின் முகத்தைப் பார்த்தேன். தட்டையாக இல்லை. சாய்வாக, சுற்றிக்கொண்டு போயிருந்தது. கையால் குத்துமதிப்பாகக் கோணம் பிடித்தேன். நாற்பத்தைந்துதான் இருக்கும். சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

மாலையில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போய் ஒரு மோட்டார் கடையில் பழைய டியூப் ஒன்று கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதில் ஒரு முழ நீளம் வெட்டி, மார்க்கர் பேனாவால் இரண்டு சதுரம் வரைந்தேன். ஒன்று டியூபுக்கு நேராக. இன்னொன்று மூலையில் நிற்கிற மாதிரி, சாய்த்து. மனைவியை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி மறுமுனையை மெல்ல முறுக்கினேன். நேராக இருந்த சதுரம் கோணிக்கொண்டது. அதன் மூலைகள் நான்கும் கெட்டுப் போயின. சாய்த்து வரைந்தது மட்டும் கோணவில்லை. ஒரு பக்கம் நீண்டு, இன்னொரு பக்கம் குறுகி, நீள்சதுரம் ஆனது. மூலைகள் அப்படியே நேராக நின்றன.

நான் முறுக்குவதை விட்டேன், மறுபடி முறுக்கினேன். பத்துத் தடவையாவது செய்திருப்பேன். சறுக்கல் இல்லாத சாய்வு என்று ஆசிரியர் சொன்னது இதோ என் கையில் இருந்தது. அந்தச் சாய்வில் ரப்பருக்கு முறுக்கு என்று ஒன்று தெரியவே தெரியாது. ஒரு பக்கம் யாரோ இழுக்கிறார்கள், மறுபக்கம் யாரோ அமுக்குகிறார்கள், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நான் முறுக்குகிறேன், அது இழுபடுகிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

“என்னங்க, லாட்டரி விழுந்திருச்சா?” என்றாள் மனைவி. “எனக்குக் கை வலிக்குது லா. அடுப்புல கொழம்பு இருக்கு.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஒன் கோல சாக்பீஸ் எங்க?”

வாசல் சிமெண்டில் கோலம் போட அவள் வைத்திருந்த சாக்பீஸ் பெட்டியை எடுத்தேன். உடைப்பதற்கு முன்னால் எந்தப் பக்கம் உடையும் என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் பார்த்ததற்கெல்லாம் காரணம் கண்டுபிடிப்பது சுலபம். டியூபில் எந்தப் பக்கம் நீண்டதோ அந்தப் பக்கம் இழுபடும்; இழுக்கிற திசைக்குக் குறுக்கேதான் கிழியும். சாக்பீஸில் பென்சிலால் அந்தச் சாய்வைக் கோடு போட்டுவிட்டு முறுக்கினேன். அதே பக்கம் சாய்ந்து, சுருளாக உடைந்தது. கையை மாற்றி எதிர்ப்பக்கம் முறுக்கினேன். சாய்வும் எதிர்ப்பக்கம் மாறியது. ஒன்பது சாக்பீஸ் போனது. மனைவி பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் புதுப் பெட்டி வாங்கித் தர வேண்டும் என்றாள்.

குளிக்கும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. சாக்பீஸ் நொறுங்கும் பொருள். ஷாஃப்ட் இரும்பு அப்படியில்லை. துருப்பிடித்த போல்ட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கினால், கொஞ்சம் கொடுத்து, பிறகு தலை தட்டையாக, சீவிவிட்ட மாதிரி கையோடு வரும். எத்தனை போல்ட் அப்படி உடைத்திருக்கிறேன், ஒன்றுகூடச் சுருளாக உடைந்ததில்லை. நல்ல இரும்பை ஒரே மூச்சில் முறுக்கினால் அது சறுக்கித்தான் அறும். பாய் கட்டாயப்படுத்தி ஓட்டியிருந்தால் ஷாஃப்ட் அந்தப் போல்ட் மாதிரி உடைந்திருக்க வேண்டும். அப்படியானால் இது ஏன் சாக்பீஸ் மாதிரி உடைந்தது?

புதன்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆலைக்குப் போனேன். துண்டுகளை டீசல் போட்டுக் கழுவினேன். ஷாஃப்டின் நீளத்தில் நேராக வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இம்மியும் திரும்பவில்லை. ஒரே அடியில் முறுக்கி உடைத்திருந்தால் அந்தப் பள்ளம் கொடி மாதிரி சுற்றியிருக்கும். உடைந்த முகத்தில் பெரும்பகுதி வழவழப்பாகத் தேய்ந்து, வளையம் வளையமாகக் கோடுகள் இருந்தன. கடைசியில் ஓர் ஓரம் மட்டும் புதிதாக, சொரசொரப்பாக இருந்தது. விரிசல் பல மாதமாக, தினம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை சுமை ஏறும்போதும் இழுப்பு அதன் வாயைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. கடைசியில் தாங்குவதற்கு இரும்பே மிச்சமில்லை. பாய் சொன்ன மாதிரி, சும்மா சுவிட்ச் போட்டதற்கே போய்விட்டது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் வளையங்கள் எல்லாம் ஓர் இடத்தைச் சுற்றித்தானே கிளம்பியிருக்க வேண்டும்? அந்த இடம் எது என்று பார்க்காமல் எனக்கு ஓடாது. கடைசி வளையத்திலிருந்து சின்ன வளையங்களாகப் பின்னோக்கிப் போனேன். வெளித்தோலில் ஒரு புள்ளிக்கு வந்து நின்றது. கழற்றும்போது அங்கே அப்பி, டீசலிலும் போகாமல் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தேன். விரல் நீளத்தில் மூன்று பட்டை. நடுவில் ஒரு பொட்டு. நான் வைத்தது.

அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு ஆலை இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். மலாய்க்கார மேனேஜரும் வந்து நின்று சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஆனால் பிரெஸ் பக்கம் ஆவியும் எண்ணெயும். வைத்த பொட்டு ஒரு மணி நேரம் தங்காது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. போன பூஜையின்போது மெல்லிய வெல்டிங் குச்சி எடுத்து, மூன்று பிரெஸ் ஷாஃப்டிலும் விபூதிப் பட்டை மூன்றும் பொட்டும் பற்றவைத்துவிட்டேன். அழியாத பொட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். வாட்சப்பில் படம் போட்டேன். அந்த வகை இரும்பில் சும்மா வெல்டிங் குச்சியை வைக்கக் கூடாது, சூடு பட்ட இடம் சட்டென்று ஆறிக் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், அங்கேதான் விரிசல் பிறக்கும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வேறு யாராவது செய்திருந்தால் அந்த இடத்திலேயே வைது தீர்த்திருப்பேன். சாமி காரியம் என்றதும் எனக்கு அது வெல்டிங்காகவே தோன்றவில்லை.

துண்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் மதியம் வாய் திறந்தது பாய்லர் பார்க்கும் அண்ணனிடம்தான். ஆலையில் பூஜையை முன்நின்று நடத்துவது அவர். துண்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டைப் பார்க்கவே இல்லை.

“பொட்டு வச்சதாலதான் ஒடைஞ்சிச்சுன்னு எழுதப் போறியா?”

“அதானேண்ணே நடந்திருக்கு.”

“அடுத்த வருசம் மேனேஜர் பூஜைக்கு உள்ள விடுவானா? யோசிச்சியா தம்பி? இந்த ஆலையில நம்ம ஆளுங்க எத்தன பேரு மிச்சம் இருக்கோம்? நம்ம மூஞ்சில நாமளே கரி பூசிக்கணுமா?” குரலைத் தாழ்த்தினார். “ஒனக்கு சூப்பர்வைசர் இண்டர்வியூ வேற வருது. காரணம் தெரியலன்னு எழுதிட்டுப் போ லா. அந்தப் பாய் காண்ட்ராக்ட் ஆளு. போனா இன்னொருத்தன் வருவான்.”

அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. மறைக்க மாட்டேன், உள்ளுக்குள் இனித்தது. காரணம் தெரியவில்லை என்று எழுதினால் அது பொய்கூட இல்லை மாதிரி இருக்கும். மேனேஜர் ஏற்கெனவே ஒரு காரணம் வைத்திருக்கிறார். என் வெற்றிடத்தை அதைக் கொண்டு நிரப்பிக்கொள்வார். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், கடிதம் எழுதிக் குவித்தவள், இப்படிப்பட்ட வாக்கியங்களின் அருமை தெரிந்தவள்.

“மத்த ரெண்டு பிரெஸ்லயும் பொட்டு வச்சீங்கதானே?” என்றாள்.

இரண்டு நாளாக என் மண்டைக்குள் ஓடிய எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை. என் பெயர், என் இண்டர்வியூ, பாயின் பெர்மிட் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு ஷாஃப்டும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன, பக்கத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை தொடங்குவதற்குள் மேனேஜர் அறைக்குள் நுழைந்து சொல்லிவிட்டேன். பாய் அறைக்கு வெளியே, இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜருக்கு முதலில் நான் பாய்க்குப் பரிந்து பேசுவதாகப் பட்டது. உடைந்த முகம், நேரான பள்ளம், பட்டை, பொட்டு எல்லாம் காட்டினேன். அவர் நம்பவில்லை. ஒரு சின்ன வெல்டிங்கா கையளவு ஷாஃப்டை உடைக்கும் என்றார். மற்ற இரண்டையும் நிறுத்திப் பார்த்துவிடலாம், நான் சொல்வது பொய்யானால் அறிக்கையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வெளியே பழ லோரிகள் வரிசையில் நின்றன. அவர் ஜன்னல் வழியாக அந்த வரிசையைப் பார்த்தார், பிறகு நிறுத்தச் சொன்னார்.

விரிசல் பார்க்க எங்களிடம் ஸ்ப்ரே டப்பாக்கள் உண்டு. சிவப்பு மையை அடித்து, ஊறவிட்டுத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி அடிப்பார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சிவப்பு வெளியே கசியும். மூன்றாம் நம்பர் பிரெஸ்ஸில் ஒன்றும் இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார். ஒன்றாம் நம்பருக்கு வந்தோம். அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று எனக்குத் தெரியும். டியூபையும் சாக்பீஸையும் மனதில் திருப்பிப் பார்த்து, பட்டைக்குப் பக்கத்தில் சாய்வாக, கொஞ்சம் தள்ளி, மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். விரிசல் இருந்தால் இந்தச் சாய்வில்தான் இருக்கும் என்றேன். பிறகு வெள்ளைப் பொடியை அடித்தார்கள்.

ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் திருநீற்றில் குங்குமம் ஊறுகிற மாதிரி ஒரு சிவப்பு இழை, என் கோட்டுக்கு இணையாக, கட்டை விரல் நீளத்துக்கு வந்து நின்றது. என்னை என்ன சொன்னாலும் சரி, அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கண்ணால் பார்க்க முடியாத ஒரு திசையை நான் முன்கூட்டியே கோடு போட்டுக் காட்டியிருந்தேன். வெட்கமும் பயமும் அதற்குப் பிறகுதான் வந்தன.

பாயின் மேல் இருந்த குற்றச்சாட்டை மேனேஜர் அன்றே நீக்கினார், பெர்மிட் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சூப்பர்வைசர் இண்டர்வியூ பட்டியலில் என் பெயர் இல்லை. பூஜையை யாரும் தடுக்கவில்லை, சந்தனம் குங்குமத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். பாய்லர் அண்ணன் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பரீட்சையில் முதன்மைத் தகைவுக் கேள்வி வந்தது. ஃபார்முலா போட்டு விடை எழுதினேன். எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம், ஒன்றாம் நம்பருக்குப் புது ஷாஃப்ட் மாட்டி, கடைசி போல்ட்டை இறுக்கி முடித்தபோது பாய் பக்கத்தில் வந்து குந்தினார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் தயாரானேன். நான் கழற்றிப் போட்டிருந்த பழைய ஷாஃப்டில் அந்தச் சிவப்புக் கோட்டை அவர் தொட்டார்.

“இந்த மாதிரி கோடு ரெண்டாம் நம்பர்லயும் இருந்திச்சுண்ணே. ரெண்டு மாசம் முன்னாடியே நான் பாத்தேன். பட்டைக்குப் பக்கத்துல, சாஞ்சாப்ல.”

“பாத்தியா? பாத்துட்டு ஏன் பாய் சொல்லல?”

“அது ஒங்க சாமி கோடுன்னு நெனச்சேன். டெய்லி மிஷின் நிறுத்தினப்ப எண்ணெய் படாம தொடச்சி வச்சேன். ஒரு தடவ ஒங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேண்ணே. சாமி விசயத்துல கேட்டா நீங்க கோவிப்பீங்கன்னு பயந்து போயிட்டேன்.”

கோபித்திருப்பேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. உனக்கு என்ன தெரியும் பாய், உன் வேலையைப் பார் என்று சொல்லியிருப்பேன். விரிசல் வளர்ந்த நாளெல்லாம் அதைத் தினமும் பார்த்த ஒரே மனிதர் அவர்தான், என் சாமிக்கு மரியாதை கொடுத்து அதைச் சுத்தமாக வைத்திருந்தார். அந்த விரிசலுக்காகத்தான் அவரை ஊருக்கு அனுப்பப் பார்த்தோம். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் அதற்குள் எழுந்து சுவிட்ச் பக்கம் போய், “போடலாமாண்ணே?” என்று கேட்டார்.